மக்குவாரி தீவு: கிளியைக் கொன்றது யார்?

ஆஸ்திரேலிய வரைபடத்தை எடுத்து, கீழே தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கும் டாஸ்மேனியாவின் மேல் விரலை வையுங்கள். அங்கிருந்து தென்கிழக்கே கடலுக்குள் 1500 கிலோமீட்டர் போனால், பேனாவால் கீறியது போல் ஒரு தீவு. பல வரைபடங்களில் அது இருக்கவே இருக்காது. நீளம் 34 கிலோமீட்டர். அகலம், மிக அகன்ற இடத்திலேயே 5 கிலோமீட்டரைச் சுற்றித்தான். அதையும் தாண்டிப் போனால் அண்டார்டிகாதான். பெயர் மக்குவாரி.

மரம் என்று ஒன்றுகூடக் கிடையாது. வருடத்தில் முன்னூறு நாளுக்கு மேல் மழையோ, தூறலோ, பனியோ ஏதாவது ஒன்று விழுந்துகொண்டே இருக்கும். காற்று நிற்பதே இல்லை. கோடையில்கூட வெப்பநிலை பத்து டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு காலத்தில் கிளிகள் கூட்டம் கூட்டமாகத் திரிந்தன என்றால் நம்ப முடிகிறதா? கிளி என்றதும் கொய்யா மரமும் கோயில் கோபுரமும் ஞாபகம் வருகிறவர்களுக்கு இது கொஞ்சம் விநோதம்தான். ஆனால் இருந்தன. பச்சை உடம்பு, சிவப்பு நெற்றி. மரம் இல்லாததால் புல் கொத்துகளுக்கு அடியில், தரையிலேயே கூடு கட்டின. கடற்கரையில் ஒதுங்கிய பாசியைக் கிளறிப் பூச்சி புழு தின்றன. 1890-களின் தொடக்கத்தில் அவை அடியோடு அழிந்து போயின.

எப்படி அழிந்தன என்பதுதான் இந்தக் கட்டுரை. விடை ஒரு வரியில் முடிவதில்லை. அது தெரிந்த பிறகும் நூறு வருடம் கழித்து அதே மாதிரி ஒரு தப்பு நடந்தது என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

கதை 1810 ஜூலையில் தொடங்குகிறது. ஃபிரெடரிக் ஹாசல்பரோ என்ற கேப்டன் பெர்சிவியரன்ஸ் என்ற கப்பலில் சீல் வேட்டைக்குப் புதிய இடம் தேடிக்கொண்டிருந்தார். (சீலைத் தமிழில் கடல்நாய் என்பார்கள்.) கப்பல் சிட்னியில் வியாபாரம் செய்த ராபர்ட் கேம்ப்பெல்லின் கம்பெனிக்குச் சொந்தம். இந்தக் கேம்ப்பெல் கல்கத்தாவில் வியாபாரம் கற்றுக்கொண்டு சிட்னிக்குப் போனவர். ஹாசல்பரோ தீவைக் கண்டார், அப்போதைய நியூ சவுத் வேல்ஸ் கவர்னரின் பெயரை அதற்கு வைத்தார், ஆட்களை இறக்கினார். அதே வருடம் நவம்பரில், தன் முதலாளி பெயரைத் தானே சூட்டிய கேம்ப்பெல் தீவில் படகு கவிழ்ந்து மூழ்கி இறந்தும் போனார். தீவைக் கண்டுபிடித்த லாபத்தை அவர் அனுபவிக்கவில்லை.

மற்றவர்கள் அனுபவித்தார்கள். இத்தகைய இடங்களை ரகசியமாக வைத்துக்கொள்வதுதான் சீல் வியாபாரிகளின் வழக்கம். இந்த ரகசியம் அதிக நாள் தாங்கவில்லை. முதல் பதினெட்டு மாதத்தில் மட்டும் குறைந்தது 1,20,000 ரோம சீல்கள் தோலுக்காகக் கொல்லப்பட்டன. 1820 நவம்பரில் ரஷ்யக் கடலோடி பெல்லிங்ஸ்ஹாசன் அங்கே வந்தபோது ரோம சீல் வேட்டை முடிந்தே போயிருந்தது. பத்தே வருடம்! வட்டி மட்டும் எடுத்திருந்தால் இன்றுவரை ஓடியிருக்கக்கூடிய வியாபாரத்தில் முதலையே எடுத்துத் தின்றுவிட்டார்கள். அந்த சீல்கள் எந்த இனம் என்று ஒழுங்காக எழுதி வைக்கக்கூட அந்த அவசரத்தில் யாருக்கும் நேரமில்லை. மறுபடி ஒரு ரோம சீல் குட்டி அந்தத் தீவில் பிறந்தது பதிவானது 1950-களில்தான்.

தோல் தீர்ந்ததும் எண்ணெய். நாலு டன் வரை எடை போகக்கூடிய யானை சீல்களை வெட்டிக் கொழுப்பைக் காய்ச்சினார்கள். அதுவும் குறைந்தது. ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். அவர்களோடு வந்து இறங்கியவைதான் இந்தக் கதையின் மற்ற பாத்திரங்கள்.

முதலில் பூனை. பெல்லிங்ஸ்ஹாசன் வந்த காலத்திலேயே கப்பல் பூனைகள் காட்டுப் பூனையாக மாறித் தீவில் திரிந்துகொண்டிருந்தன. அடுத்தது வேகா. இது நியூசிலாந்தின் கானாங்கோழி வகைப் பறவை, கோழி அளவு இருக்கும், பறக்காது, எதையும் தின்னும். வேட்டைக்காரர்கள் சாப்பாட்டுக்காகக் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு 1870-களின் கடைசியில் முயல். அதுவும் சாப்பாட்டுக்குத்தான். கரையில் ஆறு மாதம் மாட்டிக்கொண்டால் தின்ன ஏதாவது வேண்டுமே என்ற நியாயமான முன்யோசனை. எலியையும் சுண்டெலியையும் யாரும் கொண்டுவரவில்லை, அவை தாமாகவே மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தன.

இப்போது கிளிக்கு வருவோம்.

பூனை தின்று கிளி அழிந்தது என்று சொல்லிவிடலாம். பல வருடம் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. பூனை 1820-க்கு முன்பே வந்துவிட்டது. கிளியோ அதன் பிறகும் அறுபது வருடம் சௌக்கியமாக இருந்திருக்கிறது. மனிதர்களும் கிளியைப் பிடித்துத் தின்றார்கள், அப்போதும் அது தீரவில்லை. பிறகு திடீரென்று பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் ஒன்றுகூட மிஞ்சாமல் போய்விட்டது. அறுபது வருடம் கிளியோடு குடித்தனம் நடத்திய பூனை திடீரென்று என்ன புதிதாகக் கற்றுக்கொண்டது?

1979-இல் ஆர். எச். டெய்லர் என்ற நியூசிலாந்து ஆய்வாளர் இந்த முடிச்சை அவிழ்த்தார். அவருடைய விளக்கம் மிக எளிமையானது. மக்குவாரியில் கோடையில் பூனைக்குக் கொண்டாட்டம். லட்சக்கணக்கில் கடல்பறவைகள் வந்து குஞ்சு பொரிக்கும். குளிர்காலம் வந்தால் அவற்றில் பெரும்பாலானவை கடலுக்குப் போய்விடும். தீவில் தின்ன அதிகம் இருக்காது. பூனைகள் பட்டினியில் செத்துக் குறையும். எவ்வளவு பெருகினாலும் ஒவ்வொரு குளிர்காலமும் எண்ணிக்கையைக் கீழே இழுத்துவிடும். அந்தக் கொஞ்சம் பூனைகளைக் கிளி சமாளித்தது.

முயல் வந்தது. முயல் எங்கேயும் போகாது, குளிர்காலத்திலும் தீவில்தான் இருக்கும். பூனைக்கும் வேகாவுக்கும் வருடம் முழுக்கச் சாப்பாடு உறுதியாகிவிட்டது. குளிர்காலத்தில் சாக வேண்டிய பூனைகள் சாகவில்லை. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அத்தனை பூனையும் வேகாவும் வழியில் கண்ட கிளியையும் முட்டையையும் விட்டுவைக்குமா? தரையில் கூடு கட்டும் பறவை வேறு. முயல் ஒரு கிளியைக்கூடத் தொடவில்லை. புல்லை மட்டும்தான் மேய்ந்தது. ஆனாலும் கிளியின் சாவில் பெரிய பங்கு முயலுக்குத்தான். கிளியோடு, அந்தத் தீவுக்கே உரிய இன்னொரு சின்னக் கானாங்கோழியும் அதே காலத்தில் மறைந்தது.

கிளி மறைந்துகொண்டிருந்த அதே வருடங்களில் தீவில் இன்னொரு வியாபாரம் அமர்க்களமாக நடந்தது. நியூசிலாந்தின் இன்வர்கார்கில் நகரத்தில் ஜோசப் ஹாட்ச் என்று ஒரு வியாபாரி. அந்த நகரத்தின் மேயராக இருந்தவர், நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். 1889 முதல் முப்பது வருடம் இவர் மக்குவாரியில் பென்குயின் எண்ணெய் எடுத்தார். பென்குயினிலிருந்து எண்ணெயா என்று கேட்காதீர்கள்... ஆள் உயரத்தைத் தாண்டும் இரும்புக் கொப்பரைகளைக் கப்பலில் கொண்டுவந்து கரையில் நிறுத்தினார். ஒரு கொப்பரையில் ஒரே தடவையில் எண்ணூறு தொள்ளாயிரம் பறவைகளை நிரப்பி நீராவியில் வேகவைப்பார்கள். ஒரு பறவைக்கு ஏறத்தாழ அரை லிட்டர் எண்ணெய். கயிறு திரிக்கும் தொழிலில் அதற்குத் தேவை இருந்தது.

முதலில் கிங் பென்குயின்களை எடுத்தார். அவற்றின் ரத்தம் கலந்து எண்ணெயின் தரம் கெடுகிறது என்று தெரிந்ததும் ராயல் பென்குயினுக்கு மாறினார். ராயல் பென்குயின் உலகத்தில் வேறெங்குமே குஞ்சு பொரிப்பதில்லை, மக்குவாரியிலும் அதை ஒட்டிய பாறைத் திட்டுகளிலும் மட்டும்தான். தொழில் உச்சத்தில் இருந்தபோது ஒரு பருவத்துக்கு ஒன்றரை லட்சம் பறவைகள் வரை கொப்பரைக்குப் போயின.

1911-இல் டக்ளஸ் மாசன் தன் அண்டார்டிகா பயணக் குழுவில் ஒரு பகுதியை மக்குவாரியில் இறக்கினார். அண்டார்டிகாவிலிருந்து வரும் கம்பியில்லாத் தந்தியை வாங்கி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. அவர்கள் கண்ணால் பார்த்தது வெளியுலகத்துக்கு வந்தது. மாசன் திரும்பி வந்து பிரசாரம் செய்தார், பத்திரிகைகளில் கடிதங்கள் வந்தன. பென்குயின்களை உயிரோடு கொப்பரைக்குள் துரத்திவிடுகிறார்கள் என்றும் செய்தி பரவியது. தடியால் அடித்துக் கொன்ற பிறகுதான் போட்டார்கள், ஹாட்ச் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அந்த வித்தியாசத்தைக் கேட்கும் மனநிலையில் யாரும் இல்லை. ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டு, தான் எடுப்பதால் பென்குயின் குறையவில்லை என்றும் வாதாடினார். டாஸ்மேனியா அரசு அவருக்குக் குத்தகையைப் புதுப்பிக்க மறுத்தது. 1919-ஓடு தொழில் முடிந்தது. 1928-இல் ஹோபார்ட்டில் இறந்தார்.

ஹாட்சை வில்லனாக்கிவிட்டுப் போவது சுலபம். ராயல் பென்குயின் விஷயத்தில் அவர் சொன்னது முழுப் பொய் இல்லை, இன்றும் லட்சக்கணக்கான ஜோடிகள் அங்கே இருக்கின்றன. கிங் பென்குயின் கதை வேறு. 1930-இல் தீவின் தெற்கே லூசிடானியா விரிகுடாவில் எஞ்சியிருந்தவை சுமார் 3,400 மட்டுமே. 1980-இல் அதே கூட்டம் 2,18,000 ஆகியிருந்தது. ஹாட்சின் துருப்பிடித்த கொப்பரைகள் இன்னும் அங்கேயே நிற்கின்றன, சுற்றி நாலு பக்கமும் கிங் பென்குயின்கள். படம் கிடைத்தால் பாருங்கள்.

1933-இல் தீவு வனவிலங்குச் சரணாலயம் ஆனது. 1948-இலிருந்து ஆஸ்திரேலிய ஆராய்ச்சி நிலையம் ஒன்று இடைவிடாமல் இயங்கி வருகிறது. கடலுக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டிய பாறை மேலே தலைகாட்டும் அபூர்வ இடம் என்பதால் 1997-இல் உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆனது. இனிமேல் யாரும் எதையும் கொல்ல மாட்டார்கள். கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும், இல்லையா?

முயல் இருந்ததே!

ஆளுயரம் வளரும் டஸ்ஸக் புல்லும், பெரிய பெரிய இலை விரிக்கும் மக்குவாரி முட்டைக்கோசும்தான் அந்தத் தீவுக்கு மரம் மாதிரி. அவற்றின் வேர்தான் செங்குத்தான சரிவுகளில் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது. முயல்கள் அவற்றை வேர் வரைக்கும் கரம்பின. 1978-இல் தீவில் ஒன்றரை லட்சம் முயல் இருந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அந்த வருடக் கடைசியில் மிக்சோமா என்ற வைரஸை விட்டார்கள். அது பரவ வேண்டும் என்பதற்காகப் பத்து வருடம் முன்பே முயல் தெள்ளுப்பூச்சியைக் கொண்டுவந்து விட்டு வைத்திருந்தார்கள், அவ்வளவு பொறுமையான திட்டம். பலன் கிடைத்தது. 1980-களில் முயல் இருபதாயிரத்துக்குக் கீழே வந்தது. புல் மறுபடி தழைத்தது.

ஆனால் பூனைக்குச் சாப்பாடு போயிற்று. அது பறவைப் பக்கம் திரும்பியது. வருடத்துக்கு அறுபதாயிரம் கடல்பறவைகளைப் பூனைகள் தின்பதாகக் கணக்கிட்டார்கள். ஆகவே 1985-இல் பூனை ஒழிப்பு தொடங்கியது. வேகாவை 1980-களின் முடிவுக்குள் ஒழித்தாயிற்று. பூனைக்குப் பதினைந்து வருடம் ஆனது. பொறி, துப்பாக்கி, இரவில் விளக்கு, எல்லாம் பயன்படுத்தி, ஏறத்தாழ 2,500 பூனைகளைக் கொன்ற பிறகு, 2000 ஜூனில் கடைசிப் பூனையும் போனது. பல வருடமாகக் காணாமல் போயிருந்த சாம்பல் பெட்ரல் பறவை உடனே திரும்பி வந்து முட்டையிட ஆரம்பித்தது. வெற்றி!

அந்த வெற்றியின் மறுபக்கம் தெரிய அதிக நாள் ஆகவில்லை. பூனை இல்லை. அதே நேரத்தில் மிக்சோமா வைரஸும் முன்போல் வேலை செய்யவில்லை. 2000-க்குப் பிறகு முயல் பெருகிப் பெருகி 2006 வாக்கில் 1,30,000 ஆகிவிட்டது. பச்சையாக இருந்த சரிவுகள் பழுப்பாயின. 2006 செப்டம்பரில் பெருமழையில் லூசிடானியா விரிகுடாவின் மேலே ஒரு சரிவு பெயர்ந்து கிங் பென்குயின் கூட்டத்தின் மேலேயே விழுந்தது. ஹாட்சின் கொப்பரைக்குத் தப்பிப் பிழைத்த அதே கூட்டம்.

2009-இல் டானா பெர்க்ஸ்ட்ராம் என்ற விஞ்ஞானியும் சகாக்களும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஏழே வருடத்தில் தீவின் ஏறத்தாழ 40 சதவீதப் பரப்பில் தாவரங்கள் மாறிப்போய்விட்டன, பூனையை மட்டும் எடுத்ததே முக்கியக் காரணம் என்றது அது. உலகம் முழுக்கப் பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன, பூனையைக் கொன்றார்கள், தீவே போயிற்று என்ற ரீதியில். வேறு சில ஆய்வாளர்கள் பதில் எழுதினார்கள். முயல் பெருகியதற்குப் பூனை போனது மட்டும் காரணமில்லை, வைரஸ் பலவீனமானதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அறுபதாயிரம் பறவைகளைத் தின்றுகொண்டிருந்த பூனையை அப்படியே விட்டிருக்கவும் முடியாது. ஒரு விஷயத்தில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்க முடியாது. முயலும் பூனையும் தனித்தனிக் கணக்கு இல்லை, ஒரே பேரேட்டின் பற்றும் வரவும். டெய்லர் கிளியை வைத்து அதை 1979-லேயே காட்டிவிட்டார், அதுவும் இதே தீவில்!

இந்தத் தடவை எல்லாவற்றையும் சேர்த்தே எடுப்பது என்று முடிவானது. முயல், எலி, சுண்டெலி மூன்றையும் ஒரே திட்டத்தில். 2007-இல் டாஸ்மேனியா அரசும் மத்திய அரசும் சேர்ந்து 2 கோடியே 46 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கின. ஹெலிகாப்டரிலிருந்து தீவு முழுக்க, ஓர் அடி விடாமல், விஷ உருண்டைகளைத் தூவ வேண்டும். 2010 குளிர்காலத்தில் போனார்கள். மக்குவாரியின் வானிலை என்ன செய்யுமோ அதைச் செய்தது. தீவில் பத்தில் ஒரு பங்கைக்கூட முடிக்க முடியாமல் திரும்பினார்கள். விஷம் தின்று செத்த முயலையும் எலியையும் தின்று நூற்றுக்கணக்கில் ஸ்கூவாக்களும் ராட்சதப் பெட்ரல்களும் கடல்காகங்களும் செத்ததுதான் மிச்சம்.

2011-இல் மறுபடி போனார்கள். முதலில் வேறொரு முயல் வைரஸை விட்டு எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தார்கள். செத்துக் கிடக்கும் முயல் குறைந்தால் அதைத் தின்று சாகும் பறவையும் குறையும் என்ற கணக்கு. பிறகு ஹெலிகாப்டர்கள். கரையில் ஆட்கள் நடந்து நடந்து செத்த உடல்களைப் பொறுக்கி அப்புறப்படுத்தினார்கள். அப்படியும் இரண்டு வருடத்திலும் சேர்த்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகள் பலியாயின. அது சிறிய விலை இல்லை.

ஹெலிகாப்டர் போன பிறகுதான் உண்மையான வேலை. ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த முயலில் எத்தனை மிஞ்சியிருக்கும்? ஒரு ஜோடி மிஞ்சினால் போதும், செலவழித்த அத்தனையும் வீண். மோப்ப நாய்களோடு ஆட்கள் தீவைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். கிடைத்தவை பதின்மூன்று முயல்கள், குட்டிகளையும் சேர்த்து. கடைசியாகக் கிடைத்தது 2011 நவம்பரில். அதன் பிறகும் இரண்டு வருடத்துக்கு மேல், இல்லாத முயலையும் இல்லாத எலியையும் தேடி, மழையிலும் காற்றிலும் நடந்துகொண்டே இருந்தார்கள். 2014 ஏப்ரலில்தான் தீவு சுத்தம் என்று அறிவித்தார்கள்.

அதற்குப் பிறகு புல்லும் முட்டைக்கோசும் சரிவுகளில் மறுபடி ஏறிவிட்டன. எலிக்குப் பயந்து கரைக்கு வெளியே பாறைத் திட்டுகளில் ஒதுங்கியிருந்த நீலப் பெட்ரல்கள் தீவுக்குள் வளை தோண்ட ஆரம்பித்தன. ஸ்கூவாக்கள் மட்டும் குறைந்திருக்கின்றன. நூறு வருடத்துக்கு மேல் முயலைத் தின்று பழகிய பறவை அது. மேட்டு நிலத்தில் அசோரெல்லா என்று மெத்தை போல் தரையோடு படரும் ஒரு செடி, 2008-லிருந்து திட்டுத் திட்டாகக் கருகி வருகிறது. அதற்கு முயலும் காரணமில்லை, எலியும் இல்லை. காற்றும் ஈரமும் மாறிவருவதால் பலவீனமடைந்து, நோயும் சேர்ந்துகொண்டிருக்கலாம் என்கிறார்கள்.

இப்போதெல்லாம் மக்குவாரிக்குப் போகிறவர்கள் கரையில் கால் வைப்பதற்கு முன்பே பூட்ஸின் அடிப்பாகத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும், பையின் மூலையில் ஒட்டியிருக்கும் புல் விதையைக்கூடத் தட்டிவிட வேண்டும். தீவுக்குப் போகும் சரக்கையெல்லாம் ஒரு சுண்டெலிகூட ஒளிந்து வந்துவிடாதபடி சோதித்த பிறகுதான் ஏற்றுகிறார்கள்.